கணக்கு யார் பேரில்? பாத்திரமேற்பு விளையாட்டுகளில் தெரிவும் பொறுப்பும்

(கல்கிசையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



நாடகமும் கூத்தும் கற்பிப்பது என் தொழில். ஒரு மனிதர் இன்னொருவராகி நிற்பது எப்படி, அப்படி நிற்கும்போது செய்வதற்கெல்லாம் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளோடுதான் என் வகுப்புகள் தொடங்கும். இன்று நம் பிள்ளைகள் அந்தக் கேள்விகளை மேடையில் சந்திப்பதைவிடக் கணினித் திரையில் சந்திப்பதே அதிகம். இந்த மண்டபத்திலிருந்து காலி வீதி வழியே வடக்கே போனால் தெஹிவளை, வெள்ளவத்தை, பிறகு பம்பலப்பிட்டி. அங்கே யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளில் ஒரு தலைமுறை சீடி வாங்கியது, அடுத்த தலைமுறை டீவிடி வாங்கியது, இப்போது இருப்பவர்கள் கிராபிக்ஸ் கார்ட் விலை விசாரிக்கிறார்கள். என்ன விளையாடுகிறாய் என்று வீட்டில் கேட்டால் "கேம்" என்ற ஒரே சொல்தான் பதில். கிரிக்கெட்டும் கேம், துப்பாக்கிச் சண்டையும் கேம், நூறு மணி நேரம் நீளும் ஒரு காவியமும் கேம். நான் பேச வந்தது அந்த மூன்றாவதைப் பற்றி. பிள்ளைகள் அதை ஆர்.பி.ஜி. என்பார்கள். பாத்திரமேற்பு விளையாட்டு என்று நான் சொல்கிறேன்.

இந்த வகையைப் பற்றி எழுதுபவர்களிடம் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. விளையாடுபவருக்குத் தெரிவு கூடினால் விளையாட்டு உயர்ந்தது, தெரிவு குறைந்தால் தாழ்ந்தது என்பது அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பதைக் கொண்டு இவற்றை அளக்க முடியாது. நடந்ததன் கணக்கு யார் பேரில் எழுதப்படுகிறது? கதையை எழுதியவர் பேரிலா, பகடையின் பேரிலா, விளையாடியவர் பேரிலா? ஒரு விளையாட்டை இன்னொன்றிலிருந்து பிரிப்பது இந்தக் கேள்விக்கு அது தரும் விடைதான். இதை ஆறு புள்ளிகளாக வைக்கிறேன்.

1. பாத்திரம் கைக்கு வரும் விதம்

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் கணினி கிடையாது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர், காகிதம், பென்சில், பல முகங்கொண்ட பகடைகள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாங்களே உண்டாக்கி, அதன் பலம், அறிவு, சாதுரியம் எல்லாவற்றையும் எண்களாக எழுதிவைத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் காவலனிடம் பொய் சொல்கிறேன்" என்று வாயால் சொல்லி விளையாடுவார்கள். பொய் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும்.

இதைக் கணினிக்குக் கொண்டுவந்த தொடக்க முயற்சிகளில் இரண்டு, "விசார்ட்ரி", "அல்டிமா", 1981இல் வந்தன. அவ்விரண்டிலும் ஈடுபாடு கொண்ட ஜப்பானியரான யூஜி ஹோரீ 1986இல் "டிராகன் குவெஸ்ட்" செய்தார். மறு ஆண்டு "ஃபைனல் ஃபான்டஸி" வந்தது. இங்கேதான் கிளை பிரிந்தது. அமெரிக்க மரபில் பாத்திரம் வெற்றுத்தாளாகக் கைக்கு வரும். பெயர், இனம், தொழில், குணம் எல்லாம் நீங்கள் எழுதுவீர்கள். ஜப்பானிய மரபில் பாத்திரத்தை ஆசிரியர் எழுதித் தருவார்; அவருக்கு ஒரு கடந்த காலம் இருக்கும், ஒரு காதல் இருக்கும், ஒரு காயம் இருக்கும். நீங்கள் அவரை ஏற்று நடத்துவீர்கள். விதிவிலக்குகள் ஏராளம் உண்டு, ஆனாலும் இந்தப் பிரிவு இன்றுவரை உதவுகிறது.

நம் கூத்து மரபு இதில் எந்தப் பக்கம்? மட்டக்களப்புக் கூத்தில் சட்டம் கொடுத்தல் என்றொரு சடங்கு உண்டு. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆளின் குரலைப் பார்ப்பார், உடற்கட்டைப் பார்ப்பார், ஊரில் அந்தக் குடும்பம் நிற்கும் இடத்தையும் பார்ப்பார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பார்த்து, அவருக்குரிய பாத்திரத்தின் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கையில் கொடுப்பார். கர்ணனை வேறு மாதிரி ஆக்கிக்கொள்ளட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. பாத்திரம் பெறப்படுகிறது, ஆக்கப்படுவதில்லை. ஆகவே ஜப்பானிய விளையாட்டுகளைப் பார்த்து "இதில் தெரிவே இல்லையே, இது எப்படிப் பாத்திரமேற்பு?" என்று கேட்பவர்கள் உலகின் பெரும்பாலான நாடக மரபுகளையும் சேர்த்தே மறுக்கிறார்கள் என்று சொல்வேன்.

2. மாற்ற முடியாத முடிவு

முதல் டிராகன் குவெஸ்டில் ஓர் இடம். சிறைப்பட்டிருந்த இளவரசியை வீரன் மீட்கிறான். தன்னை அரண்மனைக்கு அழைத்துப்போகும்படி அவள் கேட்கிறாள். திரையில் ஆம், இல்லை என்று இரண்டு விடைகள். இல்லை என்பதை அழுத்தினால், அப்படிச் சொல்லலாகாது என்று அவள் மறுபடி கேட்பாள். மறுபடி இல்லை என்றால் மறுபடியும் கேட்பாள். ஆம் என்று சொல்லும்வரை இது ஓயாது. பொய்த் தெரிவுக்கு உதாரணமாக இதை எடுத்துக்காட்டாத எழுத்தாளர் குறைவு.

அதே விளையாட்டின் கடைசியில் இன்னொரு கேள்வி வருகிறது. உலகில் பாதியைத் தருகிறேன், என்னோடு சேர்ந்துகொள் என்று எதிரியான நாகவேந்தன் அழைக்கிறான். இதற்கு ஆம் என்றால் விளையாட்டு இருளில் முடிந்துபோகும். முதல் கேள்வியில் விளைவு இல்லை, இரண்டாவதில் எல்லாமே விளைவு. கதையின் எந்த இடத்தில் விளையாடுபவரின் பேரில் கணக்கு எழுத வேண்டும், எந்த இடத்தில் எழுதக்கூடாது என்று ஹோரீ தெரிந்தே பிரித்திருக்கிறார்.

1997இல் "ஃபைனல் ஃபான்டஸி 7" வந்தது. அதில் ஏரித் என்ற பெண் நம் கூட்டத்தில் ஒருத்தி. அவளை வளர்த்தோம், ஆயுதம் வாங்கிக் கொடுத்தோம், பல மணி நேரம் அவளோடு நடந்தோம். கதையின் நடுவில் எதிரியான செஃபிரொத் அவளைக் கொன்றுவிடுகிறான். அவளைக் காப்பாற்ற வழியே இல்லை. எப்படியும் வழியிருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. தெரிவு இருந்திருந்தால் அந்தத் துயரம் இருந்திருக்காது. நாங்கள் அவளைக் காப்பாற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்போம்.

இதைக் கூத்துக் களரியில் இருந்தவர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள். "கர்ணன் போர்" ஆடும் இரவில் கர்ணன் விழுவான் என்பது பாயில் படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் விடியும்வரை இருக்கிறார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அந்தக் கூத்தை மேடையேற்றியபோது இரவு முழுவதும் நீளும் ஆட்டத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கினார். முடிவில் கை வைக்கவில்லை. பிறகு "இராவணேசன்" வந்தது. சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். அதிலும் இராவணன் மாள்கிறான். ஆனால் பார்க்கிறவர் நிற்கும் இடம் மாறியிருக்கிறது: வீழ்பவனின் நெஞ்சுக்குள்ளிருந்து போரைப் பார்க்கிறோம். முடிவு அப்படியே இருக்க, அனுபவம் முழுதாக வேறாகிவிட்டது. முடிவை மாற்றும் உரிமைதான் விளையாடுபவருக்குத் தரக்கூடிய பெரிய வரம் என்று எண்ணும் வடிவமைப்பாளர்கள் இந்த நாடகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

3. கணக்கெழுதும் விளையாட்டு

இந்தப் புள்ளியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் என் கருத்தின் நடு இங்கேதான் இருக்கிறது.

1985இல் ரிச்சர்ட் கேரியட் "அல்டிமா 4" வெளியிட்டார். கொல்வதற்கு அதில் பெரிய எதிரி இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு நெறிகளில் தேறுவதே நோக்கம். ஊர்களில் மந்திர மூலிகை விற்கும் கடைகள் உண்டு. விற்பவர்களுக்குக் கண் தெரியாது. இத்தனை பொன் என்று அவர் சொல்வார். எவ்வளவு வைக்கிறீர்கள் என்று விளையாட்டு உங்களைக் கேட்கும். குறைத்து வைக்கலாம். அவர் வாங்கிக்கொள்வார், நன்றியும் சொல்வார். மணி அடிக்காது, காவலர் வரமாட்டார், திரையில் ஒரு எழுத்தும் தோன்றாது. ஆனால் உள்ளே நேர்மையின் எண் இறங்கிவிடும். பல மணி நேரம் கழித்து அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் உங்கள் நெறி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும்போதுதான் அது வெளிப்படும். அதற்கு முன்பிருந்த விளையாட்டுகளில் கடையில் ஏமாற்றுவது கெட்டித்தனம். இங்கே அதே செயலைச் செய்தவரின் பேரில் ஒரு வரி எழுதப்பட்டது. நாற்பது ஆண்டுக்கு முந்திய அந்த மூலிகைக் கடையை இந்தக் கலையின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

2015இல் இரண்டு விளையாட்டுகள் வந்தன. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் செய்த "தி விட்சர் 3" பெரும் பொருட்செலவில் ஆனது. டோபி ஃபாக்ஸ் பெரும்பகுதியைத் தனியொருவராகச் செய்த "அண்டர்டேல்" எளிய புள்ளிப் படங்களால் ஆனது. இரண்டும் ஒரே கேள்வியைக் கையிலெடுத்தன.

விட்சரில் ஒரு குன்றுக்கடியில், மரவேர்களுக்குள் ஓர் ஆவி கட்டுண்டு கிடக்கிறது. என்னை விடுவித்தால் சதுப்புநிலத்துச் சூனியக்காரிகளிடம் சிக்கிய அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவேன் என்கிறது. விடுவித்தால் குழந்தைகள் தப்புகிறார்கள். ஆனால் அருகிலுள்ள கிராமம் அழிகிறது, ஆனா என்ற பெண் சாபத்துக்குள்ளாகி இறக்கிறாள், அவள் கணவனான பிரபு தூக்கில் தொங்குகிறான். ஆவியைக் கொன்றால் அந்தக் குழந்தைகள் இல்லாமல் போகிறார்கள். ஆனா உயிரோடிருந்தாலும் புத்தி பேதலித்துவிடுகிறாள், பிரபு அவளை வைத்தியம் தேடிக் கூட்டிப் போகிறான். நல்ல விடை என்று ஒன்று இல்லை. அதைவிட முக்கியம், விளைவு உடனே வருவதில்லை. முடிவெடுத்து, வேறு வேலை பார்த்து, அதை மறந்தே போன பிறகு பிரபுவின் கோட்டைக்குத் திரும்பும்போதுதான் மரத்தில் தொங்கும் உடலைக் காண்கிறீர்கள். உடனே தெரிந்திருந்தால் விளையாட்டை முன்பு சேமித்த இடத்துக்குப் போய் விடையை மாற்றியிருப்பீர்கள். தாமதம் அந்த வழியை அடைத்துவிடுகிறது.

அண்டர்டேல் அந்தச் சேமிப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. தொடக்கத்தில் டோரியெல் என்ற தாய் போன்ற ஒருத்தி நம்மைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். வெளியே போக அவளோடு போராட வேண்டும். தாக்கித்தான் வெல்ல வேண்டும் என்று எண்ணும் பலர் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். மனம் கேட்காமல், சேமித்த இடத்துக்குத் திரும்பிப்போய், இம்முறை அவளை உயிரோடு விடுகிறார்கள். வெளியே வந்ததும் ஃப்ளவி என்ற பூ காத்திருக்கிறது. நீ அவளைக் கொன்றாய், பிறகு மனம் வருந்தித் திரும்பிப் போனாய், எனக்குத் தெரியும் என்கிறது. விளையாடுபவர் முதுகு நிமிர்ந்து உட்காரும் இடம் அது. எல்லோரையும் கொன்று முடிக்கும் வழியில் கடைசிவரை போனவர், மறுபடி முதலிலிருந்து தொடங்கி நல்லவராக நடந்தாலும் முன்பு செய்ததன் அடையாளம் முடிவுக் காட்சியில் நிற்கும்.

இந்த மூன்றிலும் உள்ள தெரிவுகளை எண்ணிப் பார்த்தால் அதிகம் தேறாது. மூலிகைக் கடையில் கூட்டுவது, குறைப்பது. குன்றில் விடுவது, கொல்வது. டோரியெலிடம் தாக்குவது, பொறுப்பது. கிளை எண்ணிக்கையில் இவற்றை வெல்லும் விளையாட்டுகள் ஏராளம். கணக்கை விளையாடுபவரின் பேரில் எழுதும் துணிவில் இவற்றை எட்டியவை சில.

4. பகடையின் பங்கு

பரமபதத்தில் தெரிவே கிடையாது. விழுந்த எண்ணுக்குக் காய் நகரும். பாம்பும் ஏணியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தாயத்தில் விழுவது அதிர்ஷ்டம், ஆனால் எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா தப்புவதா என்பது ஆடுபவர் கையில். பாத்திரமேற்பு விளையாட்டு தாயத்தின் உறவினர்.

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட "பால்டர்ஸ் கேட் 3" மேசை விளையாட்டின் இருபது முகப் பகடையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. காவலனிடம் பொய் சொல்ல வேண்டுமா? எத்தனை விழ வேண்டும் என்று மேலே எழுதியிருக்கும். உங்கள் பாத்திரத்தின் நாவன்மைக்கு எத்தனை கூடும் என்பதும் தெரியும். பகடை உருளும். முடிவில் மட்டும் 17,000 வேறுபாடுகள் உண்டு என்று நிறுவனம் சொன்னது. அந்த எண்ணைவிட, தோற்ற பிறகும் கதை ஓடுவதுதான் என்னைக் கவர்ந்தது. பொய் பிடிபட்டால் அதிலிருந்து ஒரு கதை, பலித்தால் வேறொரு கதை.

2019இல் வந்த "டிஸ்கோ இலீசியம்" இதை இன்னும் உள்ளே கொண்டுபோனது. எஸ்தோனியாவில் வேர்கொண்ட எழுத்தாளர் கூட்டம் செய்தது. முதன்மை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ். குடித்து நினைவிழந்து விழித்தெழும் ஒரு துப்பறிவாளன்தான் நாம். வாள் சண்டை என்று தனியே ஒன்று இல்லை, பேச்சுத்தான் எல்லாம். அவனது 24 திறன்களும் அவன் தலைக்குள் 24 குரல்களாகப் பேசுகின்றன. பச்சாதாபம் ஒன்று சொல்லும், அதிகாரப் பசி வேறொன்று சொல்லும், பயம் இடையில் புகும். எந்தக் குரலை வளர்த்தீர்களோ அது ஓங்கி ஒலிக்கும், சில வேளை பிழையாகவும் வழிகாட்டும். கர்ணன் மேடையில் தனக்குத்தானே பாடும் பாட்டை இருபத்துநாலு பேர் பிரித்துப் பாடுவது போன்ற ஏற்பாடு. பகடை இங்கே விதியின் வேலையைச் செய்யவில்லை. ஒரு மனிதன் தன்னைத்தானே அடக்கியாள முடியாத அளவை அது அளக்கிறது.

பகடையைச் சுரண்டலுக்குப் பயன்படுத்துவதும் உண்டு. 2015இல் ஜப்பானில் தொடங்கிய "ஃபேட்/கிராண்ட் ஆர்டர்" என்ற கைப்பேசி விளையாட்டில் கர்ணனும் அர்ஜுனனும் பாத்திரங்களாக இருக்கிறார்கள். 1783ஆம் ஆண்டு அமெரிக்காவில் அவர்கள் இருவரும் மீண்டும் மோதும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. உண்மையிலேயே நன்றாக எழுதப்பட்டது. குருக்ஷேத்திரத்தில் முறைப்படி நடக்காத போரை இம்முறை நேர்மையாக நடத்திவிட வேண்டும் என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. ஆனால் கர்ணன் உங்கள் அணிக்கு வர, குலுக்கலில் இழுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இழுப்புகள் தீர்ந்தால் காசு கட்ட வேண்டும். எது விழும் என்று தெரியாது. கொடைக்குப் பெயர்போனவனை இப்படி விற்பது எனக்குத் துக்கமாக இருக்கிறது. இங்கே கணக்கு விளையாடுபவர் பேரில் எழுதப்படுவது உண்மைதான், வங்கி அட்டையில். பெற்றோர் கவலைப்பட வேண்டிய இடம் வாளும் இரத்தமும் அல்ல, இதுதான்.

5. வெண்பாவின் அடுக்களை

தமிழ் வாழ்வை உலகமெங்கும் கொண்டுபோன கணினி விளையாட்டு எது என்று கேட்டால் 2023 ஜூலையில் வந்த "வெண்பா"வைச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் செய்தது. பிரித்தானியாவின் பாஃப்டா விருதையும், சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும் 2024இல் பெற்றது. கண்டிப்பாகப் பார்த்தால் அது ஆர்.பி.ஜி. அன்று; எண்களும் பகடையும் இல்லை. ஆனால் பாத்திரத்தை ஏற்கும் கலையில் அதற்கு இடமுண்டு.

1988இல் கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பதி வெண்பாவும் பாவலனும். வெண்பாவின் தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் கறை படிந்து, கிழிந்து, பாதி எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்ட இடத்தைக் கை ஊகித்து நிரப்ப வேண்டும். முதலில் இட்லி: தட்டுகளை எப்படி அடுக்கினால் மாவு சரியாக வேகும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு புட்டு. உரையாடலில் சில விடைகளைத் தெரிவு செய்யலாம். மகன் கவின் ஆங்கிலத்துக்குள் நழுவிப் போவதை எந்த விடையும் நிறுத்தாது. பிற்பாடு கவினாக நாமே அடுப்படியில் நிற்கும் இடம் வருகிறது. அம்மாவின் தமிழ்க் குறிப்பை அவனால் அரைகுறையாகத்தான் வாசிக்க முடிகிறது. முன்பு அதே புத்தகத்தைத் தாயாக வாசித்த நாம் இப்போது மகனாகத் தடுமாறுகிறோம்.

"டார்க் சோல்ஸ்" செய்த ஹிதெத்தாக்கா மியாசாக்கி, சிறுவயதில் தன் வயதுக்கு மிஞ்சிய ஆங்கில மாயக்கதைகளை வாசித்து, விளங்காத பகுதிகளைக் கற்பனையால் நிரப்பியதாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அவரது விளையாட்டுகளில் கதை ஒரு வாளின் குறிப்பிலும் ஒரு மோதிரத்தின் குறிப்பிலும் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. வெண்பாவும் அந்த வழியில் வந்ததே. முடிவை மாற்றும் அதிகாரம் தராமலே, நிரப்பும் வேலையைத் தந்து பொறுப்பில் பங்கு கொடுக்கிறது.

6. நம் ஊரில் ஒரு விளையாட்டு செய்தால்

2014இல் "அன்ரெஸ்ட்" என்ற ஆர்.பி.ஜி. இந்தியாவிலிருந்து வந்தது. பைரோடாக்டில் என்ற சிறிய நிறுவனம் செய்தது. பீம்ரா என்ற பண்டைய இந்தியச் சாயல் கொண்ட நகரம், வறட்சி, பசி. நாம் ஒருவராக இல்லை, பலராக மாறி மாறி விளையாடுகிறோம். ஓர் அத்தியாயத்தில் வீட்டார் பேசிமுடித்த கலியாணத்தை எதிர்கொள்ளும் தான்யா என்ற கிராமத்துப் பெண், இன்னொன்றில் இளவரசி. எதிரே நிற்பவர் நம்மீது கொண்ட நட்பும் மதிப்பும் அச்சமும் பேச்சினூடே ஏறி இறங்கும். ஒருவர் இறந்துபோனால் இறந்ததுதான். கதை மற்றவர்களோடு தொடரும். அதிகம் விற்காத இந்த விளையாட்டில் நமக்குப் பயன்படும் பாடம் பெரிய வெற்றிகளில் இருப்பதைவிடக் கூடுதல்.

போர்க்காலத்தில் கொழும்புத் தமிழரின் வாழ்வில் தெரிவு எப்படி இருந்திருக்கிறது? சோதனைச் சாவடியில் பெயர் கேட்டால் எந்த மொழியில் பதில் சொல்வது. அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த ஊரை எப்படி விளக்குவது. பொலிஸ் பதிவுப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பதா, வீட்டில் வைப்பதா. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த லொட்ஜ்களில் ஒன்றில் அன்று இரவு இருந்த ஒருவரை ஏற்று விளையாடுவதாக எண்ணுங்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருப்பவர், வைத்தியத்துக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர். உலகைக் காப்பாற்றும் தெரிவு எதுவும் அவர்களிடம் இல்லை. பத்து நிமிடத்தில் பையில் எதை எடுப்பது, பக்கத்து அறைக் கிழவிக்கு உதவுவதா, யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பன இருக்கின்றன. இவை சின்னத் தெரிவுகள், ஆனால் கனமானவை. இங்கே கணக்கு விளையாடுபவர் பேரில் மட்டும் எழுதப்பட்டால் அது அநீதி. ஒரு பகுதி அந்தக் கதவைத் தட்டியவர்களின் பேரில் எழுதப்பட வேண்டும். அதை எழுதத் தெரிந்த விளையாட்டை நான் இன்னும் காணவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

தமிழில் அதைச் செய்வதற்குக் கைவசம் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது. அன்ரெஸ்டில் மதிப்பும் அச்சமும் தனியே காட்டப்பட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து உரையாடலில் நீ, நீர், நீங்கள் என்ற மூன்று விளிப்புகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் வாயே திறக்க முடியாது. லொட்ஜ் முதலாளியிடம் "நீர்" என்று தொடங்கிய ஒருவர், பொலிஸ் வந்துநிற்கும்போது "நீங்கள்" என்றால் அதிலேயே ஒரு காட்சி முடிந்துவிடும். அந்த முதலாளி "அண்ணை" என்றா "ஐயா" என்றா அழைக்கப்பட்டார் என்பதை விளையாட்டு நினைவில் வைத்திருந்து, இரண்டு அத்தியாயம் தள்ளி அதற்கேற்ப அவரைப் பேசவைக்கலாம். அல்டிமாவில் ஹாக்விண்ட் செய்த வேலையை இங்கே நம் பேச்சு வழக்கே செய்துவிடும்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தைத் திரையில் சரியாக அடுக்குவது நீண்டகாலம் தலைவலியாக இருந்தது. "கொ" என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். விளையாட்டுக்கான மென்பொருள்கள் சிலவற்றுக்கு அது தெரியாததால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறின. இலவசமாகக் கிடைக்கும் "கோடோ" மென்பொருளின் நான்காம் பதிப்பு 2023இல் வந்தபோது தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வசதி அதற்குள்ளேயே சேர்ந்தது. சாதாரண மடிக்கணினியிலும் அதில் ஒரு சிறு விளையாட்டைச் செய்யலாம். பெரிய உலகம் வேண்டாம். ஒரு லொட்ஜ், ஒரு இரவு, ஐந்து அறைகள், ஐந்து பாத்திரங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒருவர் சட்டம் எழுதட்டும், ஒருவர் படம் வரையட்டும், ஒருவர் நிரல் எழுதட்டும். எழுதும் வேலைக்குக் கூத்துத் தெரிந்த என் மாணவர்களைத் தருகிறேன். நிரல் எழுதுபவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால், கூட்டம் கலையுமுன் என்னை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.